மழைத் தீவில் ஒரு நடைப் பயணம்

"மழையில் நனைந்தால் என்ன சார்? உப்பா, சர்க்கரையா, கரைந்து போவதற்கு?"

மலைநடை முகாமுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் மாணவன் ஒருவன் இப்படிக் கேட்டான். அவனுடைய முதுகுப் பையைப் பார்த்தேன். மாற்றுத் துணிகள் எந்த உறையும் இல்லாமல் அப்படியே திணிக்கப்பட்டிருந்தன. "கரைய மாட்டாய், குளிர்ந்து போவாய். குளிர்ந்தவன் அவசரப்படுவான். மழைக்கால மலையில் அவசரத்தைவிடப் பெரிய ஆபத்து இல்லை" என்றேன். அவன் சிரித்தான். வண்டி புறப்படும் நேரம். விளக்கம் சொல்ல எனக்கும் அவகாசம் இல்லை. அன்று அவனுக்குச் சொல்ல முடியாமல் போன விளக்கத்தை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

இதற்காக உங்களைப் பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஒரு தீவுக்கு அழைத்துப் போகப் போகிறேன். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்கிறீர்களா? மழை, மலை, ஓடை, மனிதனின் அவசரம் ஆகிய நான்கையும் ஒரே நடைபாதையில் காட்டும் இடம் அது. கற்பனையில் போவதால் கப்பல் கட்டணமும் இல்லை!

காற்று மலை ஏறினால்...

ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் காவாயி என்று ஒரு தீவு இருக்கிறது. எரிமலைக் குழம்பால் உருவான இத்தீவு ஏறத்தாழ வட்ட வடிவமானது. இதன் நடுவே 1,569 மீட்டர் உயரத்தில் வையாலேயாலே என்னும் மலைமுடி நிற்கிறது. 'அலையாடும் நீர்' என்பது அப்பெயரின் பொருள். பெயருக்கு ஏற்ற இடந்தான். ஆண்டுக்கு 9,000 மில்லிமீட்டருக்கும் மேல் அங்கே மழை கொட்டுகிறது. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், அந்த முடியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், அதே தீவின் மேற்குக் கரையில் உள்ள கெக்காஹா என்னும் ஊரில் ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர் மட்டுமே! இது எப்படி?

சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து வெளிவரும் காற்றைக் கையில் பட விட்டிருக்கிறீர்களா? அது குளிர்ச்சியாக இருக்கும். அழுத்தத்தில் இருந்த காற்று விரிவடையும்போது வேலை செய்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே குளிர்கிறது. மலையில் ஏறும் காற்றின் நிலையும் இதுதான். மேலே போகப் போக வளிமண்டல அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, குளிர்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 10° செ. வீதம் வெப்பநிலை இறங்கும். மேகம் உருவாகத் தொடங்கிய பிறகு இந்த வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். நீராவி நீராக மாறும்போது தன் உள்ளுறை வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுவதே காரணம்.

வடகிழக்கிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி வீசும் வியாபாரக் காற்று, வெதுவெதுப்பான கடலின் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து ஈரத்தைச் சுமந்துகொண்டு இத்தீவை அடைகிறது. 26° செ. வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்றில் அதிக அளவாக 24 கிராம் நீராவி தங்கலாம். 16° செ.க்கு வந்துவிட்டால் சுமார் 14 கிராம்தான் தங்க முடியும். மீதி எங்கே போகும்? மேகமாகும், மழையாகும். ஈரத்தை இழந்த காற்று மலையின் மறுபுறம் இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகிறது. அங்கே மேகம் கலைகிறது. அதனால்தான் கெக்காஹா வறண்டு கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பக்கம் கேரளம் நனைய, மறுபக்கம் நம் சமவெளி தென்மேற்குப் பருவமழைக்கு ஏங்குவதும் இதே விதிப்படிதான்.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். 2018 ஏப்ரல் 14, 15 தேதிகளில் இத்தீவின் வடகரையில் வைப்பா என்னும் இடத்தில் 24 மணி நேரத்தில் 1,262 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னை ஓர் ஆண்டில் பெறும் மழையில் பெரும்பகுதி ஒரே நாளில்! அமெரிக்க நாட்டில் 24 மணி நேர மழையளவில் அது புதிய சாதனை.

எட்டுப் பேர் புறப்படுகிறோம்

அந்த வடகரையில்தான் கலலாவ் நடைபாதை தொடங்குகிறது. செங்குத்தான பாறைச் சரிவுகளுக்கும் கடலுக்கும் இடையே 18 கிலோமீட்டர் நீளும் ஒற்றையடிப் பாதை. முதல் 3 கிலோமீட்டர் கடந்ததும் ஹனகாப்பியாய் என்னும் ஓடை குறுக்கிடுகிறது. பாலம் இல்லை. இறங்கித்தான் கடக்க வேண்டும். ஓடையைக் கடந்து பள்ளத்தாக்கில் மேலும் 3 கிலோமீட்டர் நடந்தால், சுமார் 90 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அழகான அருவி ஒன்றைக் காணலாம்.

நாம் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 10 கிலோகிராம் எடையுள்ள முதுகுப் பை. காலையில் ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர், பளிங்குபோல் தெளிந்திருந்தது. சிரித்துப் பேசிக் கடந்தோம். அருவியைப் பார்த்தோம். பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி ஓடைக்கு வந்தால் அதே ஓடை பழுப்பு நிறத்தில், முழங்காலுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாருடைய உடையும் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. மறுகரையிலிருந்து 3 கிலோமீட்டர் நடந்தால் வண்டி, சூடான தேநீர். பொழுது சாயப் போகிறது.

கடப்பதா? காத்திருப்பதா? இந்த இடத்தில்தான் நமக்குப் பௌதிகம் தேவைப்படுகிறது.

தண்ணீர் தள்ளும் விசை

ஓடுகின்ற நீரில் நிற்கும் காலை நீர் எவ்வளவு விசையுடன் தள்ளும்? நீரின் வேகம் இரு மடங்கானால் என்ன ஆகும் என்று பார்ப்போம். முதலாவதாக, ஒரு வினாடியில் காலில் வந்து மோதும் நீரின் நிறை இரு மடங்காகிறது. இரண்டாவதாக, அந்நீரின் ஒவ்வொரு துளியும் இரு மடங்கு வேகத்துடன் வருகிறது. ஆகவே விசை இரண்டும் இரண்டும் பெருக்கி நான்கு மடங்காகிறது. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று இதைச் சொல்வோம்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். 60 செ.மீ. ஆழத்தில் நிற்கிறீர்கள். காலின் அகலம் 12 செ.மீ. இரு கால்களும் சேர்ந்து நீருக்குக் காட்டும் பரப்பு 0.144 சதுர மீட்டர். நீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில், அதாவது மெதுவாக நடக்கும் வேகத்தில், ஓடினால் அது தள்ளும் விசை சுமார் 72 நியூட்டன். ஏறத்தாழ 7 கிலோகிராம் எடை. சமாளித்துவிடலாம். வினாடிக்கு 2 மீட்டர் என்றால் 29 கிலோகிராம் எடை. 3 மீட்டர் என்றால் 66 கிலோகிராம் எடை! ஒரு முழு ஆள் உங்கள் கால்களைப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம்.

எதிர்த்து நிற்க உங்களிடம் என்ன இருக்கிறது? பாதத்துக்கும் கல்லுக்கும் இடையே உள்ள உராய்வு மட்டுமே. உங்கள் எடை 60, பை 10, ஆக 70 கிலோகிராம். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி கால்கள் விலக்கும் நீர் சுமார் 10 கிலோகிராம் அளவுக்கு உங்களை மேலே தூக்கும். மீதி 60. பாசி படிந்த கல்லில் உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், கிடைக்கும் பிடிப்பு 18 கிலோகிராம் எடைதான். 7-ஐ அது தாங்கும், 29-ஐத் தாங்காது. வினாடிக்கு ஒரு மீட்டருக்கும் இரண்டு மீட்டருக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் கால் வழுக்கிவிடும். 'காலையில் கடந்தேனே' என்ற துணிவு அங்கே உதவாது.

இன்னும் ஒன்று. வெள்ளத்தில் நாம் மட்டுமா நிற்கிறோம்? கற்களும் கிடக்கின்றன. நீரின் விசை கல்லின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. கல்லின் எடையோ அதன் பருமனைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் வியப்பான ஒரு முடிவு கிடைக்கிறது. நீரின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு ஆகிறது! காலையில் ஒரு கிலோ கல்லை உருட்டிய ஓடை, மாலையில் 64 கிலோ பாறையை உருட்டும். கலங்கிய நீருக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காது கொடுத்தால் கேட்கும். கரையில் நிற்கும்போது அடியிலிருந்து 'கடகட' என்ற ஓசை வந்தால், கற்கள் உருள்கின்றன என்று அறிந்து விலகி நில்லுங்கள்.

மழை இல்லாமலே வெள்ளம்

"இப்போது இங்கே தூறல்தானே? வெள்ளம் எப்படி ஏறும்?" என்று நம்மில் ஒருவர் கேட்கக்கூடும்.

நீங்கள் நிற்கும் இடத்தின் மழையை ஓடை பொருட்படுத்துவதில்லை. தன் பள்ளத்தாக்கு முழுவதன் மழையும் அதற்குச் சொந்தம். பள்ளத்தாக்கின் பரப்பு 10 சதுர கிலோமீட்டர் என்று கொள்வோம். மேலே ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த நீர் 5 லட்சம் கனமீட்டர். அதில் பாதி மண்ணிலும் மரஞ்செடிகளிலும் தங்கிவிட்டு, மறுபாதி ஒரு மணி நேரத்தில் ஓடைக்கு வந்தாலும் வினாடிக்கு சுமார் 70 கனமீட்டர். தெருவில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட லாரிகள் ஆறினை ஒவ்வொரு வினாடியும் ஓடையில் கவிழ்ப்பதற்குச் சமம் இது!

அந்த நீர் 5 கிலோமீட்டர் மேலேயிருந்து வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், நம்மை அடைய 40 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அதற்குள் மழை நின்றுவிட்டிருக்கலாம், வெயில்கூட அடிக்கலாம்.

இது பசிபிக் தீவில் மட்டும் நடப்பதன்று. குற்றாலத்தில் குளிக்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாவிட்டாலும், மலைமேல் பெய்த மழையால் அருவி பொங்கி வருவதைப் பலர் கண்டிருப்பீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படித் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அருவிக்கரையில் காவலர் விசில் ஊதினால், ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் வெளியேற வேண்டும். மேலே நடப்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஆறுதலும் ஒளிந்திருக்கிறது. குறுகிய, செங்குத்தான பள்ளத்தாக்கில் வெள்ளம் எவ்வளவு விரைவாக ஏறுகிறதோ, மேலே மழை நின்றபின் பெரும்பாலும் அவ்வளவு விரைவாக வடிந்தும் விடும். சில மணி நேரம். மிஞ்சினால் ஓர் இரவு. எனவே விடை எளிது: காத்திருக்க வேண்டும்.

2014 பிப்ரவரியில் இதே ஹனகாப்பியாய் ஓடை பெருக்கெடுத்தபோது 120-க்கும் மேற்பட்டோர் அக்கரையில் சிக்கிக்கொண்டனர். காத்திருந்தவர்கள் மீட்கப்பட்டனர். கடக்க முயன்ற ஒரு பெண் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்.

விடை இவ்வளவு எளிதாக இருந்தும் மனிதர் ஏன் கடக்க முயல்கிறார்கள்? என் மாணவன் கேட்ட கேள்விக்கு இப்போது வந்து சேர்ந்தோம்.

நனைந்த சட்டை கேட்கும் விலை

ஒரு கிராம் நீர் தோலின் மேல் ஆவியாவதற்குச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். நனைந்த சட்டையிலும் கால்சட்டையிலும் அரைக் கிலோ நீர் தங்கியிருக்கிறது என்போம். அது முழுவதும் ஆவியாக 12 லட்சம் ஜூல் வேண்டும். இவ்வெப்பத்தில் பெரும்பகுதியை உங்கள் உடல்தான் கொடுத்தாக வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடல் சுமார் 100 வாட் வீதம் வெப்பத்தை உண்டாக்குகிறது. பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தில் அது தருவது சுமார் 11 லட்சம் ஜூல். அதாவது, அந்த அரைக் கிலோ நீர் மூன்று மணி நேரத்தில் உலர்ந்தால், உடல் அந்நேரத்தில் உண்டாக்கிய வெப்பத்துக்கு நிகரான அளவைத் துணியே கேட்கிறது! காற்றுக்கும் ஈரத் தரைக்கும் போகும் வெப்பம் இதற்கு மேல். நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் கூடுதலாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், ஈரத் துணி உடலைப் போர்த்துவதும் இல்லை.

நடந்துகொண்டிருந்தவரை இது தெரியவில்லை. சுமையுடன் ஏறும்போது உடல் 400 வாட்டுக்கும் மேல் வெப்பத்தை உண்டாக்கியது. நின்றவுடன் அடுப்பு தணிந்தது. சட்டை மட்டும் தன் பங்கைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

"சட்டையைக் கழற்றி மரத்தில் காயப் போட்டால்?" காயாது. மழைக்காட்டில் காற்று ஏற்கெனவே தெவிட்டிய நிலையில் இருக்கிறது. 20° செ. வெப்பநிலையில் தெவிட்டிய நீராவியின் அழுத்தம் 17.5 மி.மீ. பாதரசம். மரத்தில் தொங்கும் சட்டையும் 20° செ.யில்தான் இருக்கும், ஆகவே ஆவியாகும் நீரும் திரும்பி வந்து படியும் நீரும் சமம். உங்கள் தோலை ஒட்டியுள்ள துணியோ 30° செ. அளவில் இருக்கும், அங்கே ஆவி அழுத்தம் சுமார் 32 மி.மீ. எனவே சட்டை உங்கள் மேல் உலரும். உங்கள் செலவில் உலரும்!

வெப்பமண்டலத் தீவு என்பதால் குளிராது என்று எண்ணிவிடாதீர்கள். பனியும் பனிக்கட்டியும் இல்லாமலே, ஈரமும் காற்றும் சேர்ந்து உடலைக் குளிர்விக்கும். முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் மரத்துப்போகும். உடலின் உள் வெப்பநிலை 37° செ.யிலிருந்து 35° செ.க்குக் கீழே இறங்கினால் தெளிவாக எண்ணும் திறனே மங்கத் தொடங்கும். 'எப்படியாவது அக்கரை போய்விடலாம்' என்ற எண்ணம் தோன்றுவதும், அதை மறுக்கும் அறிவு மங்குவதும் ஏறத்தாழ ஒரே வேளையில் நடக்கின்றன. கூட்டத்தில் ஒருவர் இறங்கிவிட்டால் மற்ற ஏழு பேருக்கும் அவசரம் தொற்றிக்கொள்கிறது.

பையில் இருக்கும் பொறுமை

ஆகவே, காத்திருக்கும் வலிமை மனத்தில் மட்டும் இல்லை. முதுகுப் பையிலும் இருக்கிறது. ஒரு மாற்றுடை, ஒரு போர்வை ஆகியவற்றை நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு, வாயை இறுகக் கட்டி வையுங்கள். எவ்வளவு நனைந்தாலும் நடக்கும்போது அதைத் தொடக்கூடாது. நின்றபிறகு ஈரத்தைக் களைந்து அதை உடுத்திக்கொள்ள வேண்டும். வேர்க்கடலை, வெல்லம் போன்ற உணவு கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். உடலின் அடுப்புக்கு அதுவே விறகு. வெறுந்தரையில் உட்காராமல் ஒரு விரிப்பின் மேல், காற்றுப் படாத மேட்டில், எட்டுப் பேரும் நெருங்கி உட்காருங்கள். எட்டு நூறு வாட் பல்புகள்! ஓடை இன்னும் ஏறக்கூடும் என்பதால் கரையை விட்டு நன்றாக மேலே போய்விடுங்கள்.

பிறகு ஓடைக்கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து நீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு குச்சியை நீரில் எறிந்து கூடவே நடந்து பாருங்கள். குச்சி உங்களை முந்தினாலோ, நீர் கலங்கியிருந்தாலோ, முழங்காலுக்கு மேல் ஆழம் இருந்தாலோ கடக்க வேண்டாம். நீர் வடிந்து, தெளிந்து, கடக்கும் வேளை வந்தால், முதுகுப் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். விழ நேர்ந்தால் பையை உதறிவிட முடியும். பை போனால் வாங்கிக்கொள்ளலாம்.

செய்து பாருங்கள்

இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றுங்கள். இரண்டையும் விசிறிக் காற்றில் வைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவைக் குறியுங்கள். வெயில் நாளிலும் மழை நாளிலும் செய்து ஒப்பிடுங்கள். எந்த நாளில் வேறுபாடு அதிகம்? ஏன்? அடுத்து, உங்கள் பருத்திச் சட்டையை உலர்ந்த நிலையிலும், நனைத்துப் பிழிந்த நிலையிலும் எடை போடுங்கள். வேறுபாட்டைக் கிராமில் எழுதி 2,400-ஆல் பெருக்குங்கள். உங்கள் சட்டை உங்களிடம் கேட்கக்கூடிய வெப்பம் எத்தனை ஜூல் என்பது தெரிந்துவிடும்.

முகாமிலிருந்து திரும்பிய என் மாணவன் நேரே என்னிடம் வந்தான். "கரையவில்லை சார், ஆனால் இரவு முழுவதும் நடுங்கினேன்" என்றான். அடுத்த முகாமுக்குப் புறப்பட்டபோது அவனுடைய பையில் முதலில் ஏறியது ஒரு பிளாஸ்டிக் உறை.